மெழுகுவர்த்தி ஜாடி

மார்ச். சிந்தர் நகரில் ஹர்மத்தான் காற்று
பதினோராவது வாரமாக வீசுகிறது.
உதடு வெடிக்கிறது. மூக்கில் இரத்தப் பொருக்கு.
நுண்ணோக்கியின் கண்ணைத் துடைத்துத் திரும்புவதற்குள்
மறுபடி புழுதி.

யாகனாவை அவள் அப்பா மோட்டார் சைக்கிளில்
தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்.
ஏழு வயது.
கழுத்து வளைய மறுத்தது.
வெளிச்சம் பட்டால் அலறினாள்,
பிறகு அலறவும் இல்லை.

செவிலி ரஹினா முதுகெலும்பின் கீழ்க் கணுக்களிடையே
ஊசி இறக்கினாள்.
தெளிநீராக வரவேண்டியது
கழுநீராகச் சொட்டியது.
என் முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஏற்றிவிட்டு
குழாயை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.
'குளிர்பெட்டியில் வைத்துவிடாதே' என்றாள்,
பதினாறு வருடமாக இதே வேலை பார்க்கும் என்னிடம்.

ஆம், ஊரைச் சாய்க்கும் இது
குளிர்பெட்டியில் ஓரிரவு தாங்காது.
ஆட்டில் இல்லை, ஒட்டகத்தில் இல்லை,
கிணற்றில் இல்லை, மணலில் இல்லை.
மனிதச் சூட்டைத் தவிர அதற்கு வேறு வீடு கிடையாது.
நம் தொண்டை,
நம் பேச்சின் ஈரம்.

ஊதா, அயோடின், ஆல்கஹால், சிவப்பு.
கழுவி, உலர்த்தி, குனிந்தேன்.
வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்
இளஞ்சிவப்பில் இரண்டிரண்டாக,
காப்பிக் கொட்டைகள் முகத்தோடு முகம் வைத்த மாதிரி.

இரவுக் காவலர் ஹுசைனி 'நானும் பார்க்கட்டுமா' என்றார்.
ஒரு கண்ணை இறுக மூடி
வெகுநேரம் பார்த்தார்.
'இரட்டையர்' என்றார்.
இந்த ஊரில் ஹுசைனி என்றாலே
அவருக்கு முன்னே பிறந்த ஹசன் ஒருவன் உண்டு.
எங்கே என்று நான் கேட்டதில்லை.
'பழைய பெருந்தொற்றில், இதே காற்றில்' என்று
தானே சொல்லிவிட்டு
வாசல் விளக்கை ஏற்றப் போனார்.
விளக்கு எரியவில்லை. மின்சாரம் போய்விட்டது.

கட்டடம் முழுக்க ஒரே ஒரு மெழுகுவர்த்தி.
'கொடு, பிள்ளைக்கு ஊசி மாற்றவேண்டும்' என்கிறாள் ரஹினா.
கொடுக்கவில்லை.
ஆட்டு இரத்தத்தைச் சுடவைத்துச் செய்த
சாக்லேட் நிறத் தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி,
மேலே மெழுகுவர்த்தியை நிறுத்தி, ஏற்றி, மூடினேன்.
சுடர் உள்ளிருக்கும் காற்றைத் தின்று
தானாக அணையும்.
மிஞ்சும் புகைமூச்சில்தான் அவை வளரும்.
கொல்ல வந்ததற்கு வெளிச்சம், நமக்கு இருட்டா
என்று ரஹினா கேட்டது
எனக்கு நன்றாகவே கேட்டது.
செல்போன் ஒளியில் நரம்பு தேடினாள்.

அந்த ஜாடியில் இன்னும் ஆறு தட்டுகள் இருந்தன.
நியாமேயிலிருந்து கடிதம் வந்திருந்தது,
ஊழியர் தொண்டைகளையும் பாருங்கள் என்று.
ஐந்து வெறுமை.
ஆறாவதில் சாம்பல் பனித்துளிகள்.
துளி மருந்து விட்டேன், ஊதாவாக இருண்டது.
எண்ணைச் சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன்.
என்னுடையது.

காய்ச்சலில்லை, வலியில்லை.
எத்தனை நாளாகக் குடியிருந்ததோ,
வாடகை தராத இந்த இரட்டையர்.
சந்தையில் எத்தனை 'சன்னு, சன்னு',
பேருந்தில் எத்தனை இருமல்,
என் தட்டிலிருந்து மகன் எடுத்துத் தின்ற சோறு.
யாகனாவின் தெருவில் எனக்கொரு தையல்காரர் உண்டு.
மாத்திரை ஒன்றுதான், விழுங்கினேன்.
அதன்பின் ஒரு வாரம்
யாரோடும் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஜூனில் மழை வந்தது.
மண் நனைந்ததும் நோய் நின்றது,
யாரோ குழாயைத் திருகி மூடியது போல.

யாகனா வந்தாள். நடந்து வந்தாள்.
நான் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தேன்,
அவள் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இன்னொரு முறை அழைத்தேன்.
'காது போய்விட்டது' என்றார் அப்பா,
மோட்டார் சைக்கிளின் சேற்றைத் துடைத்தபடி.

அவள் திரும்பி என் எதிரே வந்து நின்றாள்.
என் கை பழக்கத்தில்
வாயை மூடப் போயிற்று.
அவள் கண்கள் என் உதடுகளிலேயே இருந்தன.
கையை இறக்கினேன்.
மெதுவாக,
ஒவ்வோர் எழுத்தாக,
யா க னா.